மறுமொழி நேரம்

கருப்பு என்றார் ஏட்டு, வெள்ளை என்றேன். மேசை என்றார், நாற்காலி என்றேன். இதற்குப் பெயர் விஞ்ஞானம். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் தம் மனத்தில் முதலில் எழும் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடைப்பட்ட நேரத்தைக் கைபேசியில் அளந்து தாளில் எழுத வேண்டும். எங்கே தாமதம் நேர்கிறதோ அங்கே மனத்தின் அடியில் ஏதோ புதைந்து கிடக்கிறது என்று முடிவு கட்ட வேண்டும். ஒரு துளி கூடுதலாக விழுந்தால் முழுக் கரைசலையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கு என்று வாழ்நாளெல்லாம் பெண்களுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இளங்கலை உளவியல் முதலாண்டு மாணவியாக, சனிக்கிழமைதோறும் தொலைநிலைக் கல்விக்காக வாடகைக்கு விடப்படும் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். எதிரே தலைமைக் காவலர் காசிலிங்கம். சாதாரண உடையில் வந்தாலும் பழுப்பு ஷூவைக் கைவிட மனம் வராதவர். உளவியல் படித்தால் குற்றவாளியைத் தொடாமலே உண்மையை வரவழைக்கலாம் என்று எவரோ சொல்லிச் சேர்ந்திருக்கிறார். தண்ணீர் என்றார், ஹைட்ரஜன் என்றேன். "அப்படிலாம் சொல்லலாமா மேடம்?" என்று தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "முதல்ல தோணுறதைத்தானே சொல்லச் சொன்னீங்க?" "சொன்னேன். ஆனா நீங்க ரெடியா வச்சிக்கிட்டுச் சொல்லுத மாதிரி இருக்கு. யோசிக்கப்பிடாது மேடம். யோசிச்சா டெஸ்ட் செத்துச்சு. சட்டுனு, அடிச்ச மாதிரி வரணும்." அடியைத் தவிர வேறு உவமை அவருக்குக் கிடைக்கவில்லை. ஊசி என்றார், நூல் என்றேன். பால் என்றார், தயிர் என்றேன். கரும்பலகை அருகே விரிவுரையாளர் ஜெபசிங், தம் பிள்ளைப்பருவத்துக் கன்னத்தோடும் முனைவர் பட்டத்தோடும் நின்றுகொண்டு, "பிரமாதம், பிரமாதம், எல்லாரும் ரொம்ப ஓப்பனா இருக்கீங்க" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்கிறார். எவரும் ஓப்பனாக இல்லை. முன் பெஞ்சில் ஒருத்தி தன் துணையின் தாளை எட்டிப் பார்த்து விடையைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். மனத்தை ஆராயும் தேர்விலும் காப்பி.

மகள் என்றார். மகன் என்றேன். அரை விநாடிகூட ஆகியிருக்காது. இந்த மாதிரிப் பட்டியலில் பத்து வெற்றுச் சொற்களுக்கு நடுவே ஒரு தாய், ஒரு சாவு, ஒரு மகள் என்று புதைத்து வைத்திருப்பார்கள் என்பதைப் பாடநூலில் படித்துவிட்டேன். வேலிக்கு மறுபுறம் முள் இருக்கிறது என்று தெரிந்தவள் அதில் கால் வைப்பாளா? "மேடத்துக்கு மகன் உண்டுமா?" "இல்லை." "குறிச்சுக்கிடுதேன்." குறித்துக்கொள்ளட்டும். எனக்கு இருப்பவள் ஒரே மகள், பூரணி. அவளால்தான் இந்தப் பெஞ்ச். பதினெட்டு வயதில் சென்னைக்குப் போய் இதே இளங்கலை உளவியலில் சேர்ந்தாள். முதல் பருவத்தேர்வு முடியுமுன்பே வீட்டுக்குத் தொலைபேசியில் நோய்கள் வரத் தொடங்கின. அப்பாவுக்குப் பதற்ற நோய். அடுத்த பாடம் நடந்ததும் அப்பாவுக்கு அது இல்லை, அவர் தன்னை ஒடுக்கிக்கொள்கிறவர், பதற்றம் பால்காரருக்கு. மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தன்மோகம் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் படிப்புக்கு வருகிற எல்லாரும் செய்கிற பிழை இதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது: திங்கட்கிழமை ஒரு நோயின் பெயரைக் கற்றால் செவ்வாய்க்கிழமைக்குள் அதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது, ஆள் எப்போதும் சொந்த வீட்டில்தான் கிடைக்கிறார். இறுதியாண்டில் நான்தான் அவளுடைய ஆய்வுப்பொருள் ஆனேன். அதிகாரப் போக்குடைய பெற்றோர் என்று ஒரு வகை உண்டாம். கட்டளை அதிகம், கனிவு குறைவு. "அம்மா, இது திட்டு இல்லம்மா, ஒரு கேட்டகரி" என்று ஆறுதலும் சொன்னாள். புழுவைப் புட்டியில் போட்டு அடையாளச் சீட்டு ஒட்டுவதும் திட்டுவது ஆகாதுதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, என் கணவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், விருந்தினர் போன பிறகு, கூடத்தில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள். "நீ அப்பாவை ஒரு நாளும் அழ விட்டதில்ல. இப்ப என்னையும் விட மாட்டேங்குற." "அழுறதுக்கு நான் என்ன அனுமதிச் சீட்டா குடுக்கணும்? அழு." "இதுதாம்மா. இதைத்தான் எமோஷனலி அன்அவைலபிள்னு சொல்லுவாங்க." "அன்அவைலபிள்னா கடையில சரக்கு இல்லைன்னு அர்த்தம்." அன்றிரவே பெங்களூருக்குப் பேருந்து ஏறினாள். இரண்டு ஆண்டுகளாகப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து, உடம்பு எப்படி என்று ஒரு கேள்வி, அவ்வளவே. சென்ற ஆண்டுச் சேர்க்கையில் நான் விண்ணப்பித்தேன். துக்கத்தை மறக்க ஒரு பொழுதுபோக்கு என்று உறவினர் மெச்சிக்கொண்டார்கள். பொழுதுபோக்கு! அவள் என்மேல் ஒட்டிய ஒவ்வொரு சீட்டையும் மூல நூலில் தேடி எடுத்து, வரையறை பொருந்தவில்லை என்று நிறுவிவிட வந்தேன். பொருந்தாத இடங்களைக் கோடிட்டு வைத்திருக்கிறேன். பொருந்துகிற இடங்களில் பாடநூல் மிக மோசமாக எழுதப்பட்டிருக்கிறது.

வீடு என்றார், வாசல். கோபம் என்றார், சாந்தம். பயம் என்றார், வீரம். "பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுத மாதிரியே இருக்கு மேடம், எதிர்ச்சொல் எதிர்ச்சொல்லா." "விதியில எதிர்ச்சொல் கூடாதுன்னு இருக்கா?" "இல்ல." "அப்போ எழுதுங்க." எழுதினார். மடியில் கைப்பை, கைப்பைக்குள் கைபேசி, கைபேசிக்குள் காலையில் பேருந்திலேயே வந்துவிட்ட பூரணியின் செய்தி. எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அம்மா, டெலிவரிக்கு அங்கயே வந்திடலாம்னு தோணுது. ஒரே ஒரு கண்டிஷன். நான் என்ன சாப்பிடுறேன், எப்படிப் படுக்கிறேன், எதுக்கு அழுறேன், எதைப் பத்தியும் நீ கமெண்ட் பண்ணக் கூடாது. உன்னால முடியுமா? மத்தியானத்துக்குள்ள சொல்லு. இங்க ஆஸ்பத்திரில பேர் பதிய இன்னைக்கோட கடைசி. வகுப்புச் சுவரில் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நடுப்பகல் என்பது பன்னிரண்டா, சாப்பாட்டு வேளையா என்று அவள் வரையறுக்கவில்லை. பட்டம் பெற்றவள், வரையறுக்க மாட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். அதாவது தோற்றுவிட்டாள். எல்லைகள் வேண்டும், இடைவெளி வேண்டும், ஆரோக்கியமான தூரம் வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் எனக்குப் பாடம் எடுத்தவள், வயிறு கனத்ததும் ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் போல அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டுகிறாள். அதிலும் ஒரு நிபந்தனை, தோற்றவர் விதிக்கும் நிபந்தனை. பேருந்து வரும் வழியெல்லாம் மறுமொழி எழுதிக்கொண்டு வந்தேன், மனத்துக்குள், உட்தலைப்புகளோடு. முதலாவது, கருத்துரை என்றால் என்ன என்பதன் வரையறை. இரண்டாவது, உப்பு குறைவு என்பது உணவைப் பற்றிய கூற்றா, சமைத்தவரைப் பற்றிய கூற்றா. மூன்றாவது, பாடநூலின் நான்காம் அலகு, அதிகாரப் போக்கு என்ற வகை எந்த நாட்டுப் பெற்றோரைக் கொண்டு உருவாக்கப்பட்டது, அது ஏரிக்கரைப் பயிருக்கும் ஆற்றங்கரைப் பயிருக்கும் ஒரே உரத்தை எழுதித் தருவது ஆகாதா. நான்காவது எழுதும்போது நடத்துநர் சில்லறை கேட்டு நூலை அறுத்துவிட்டார். நிரபராதி என்று தீர்ப்பு வந்த பிறகு, வா என்று எழுதலாம். ஆனால் தீர்ப்பு எழுத நேரம் போதவில்லை.

ஐம்பது சொற்களும் தீர்ந்தன. காசிலிங்கம் தாளை ஏற இறங்கப் பார்த்தார், நெற்றியைச் சொறிந்தார். "ஒரு எடத்துலகூடத் தடுமாறல மேடம். சுத்தமா இருக்கு." "நல்லது." "நல்லது இல்ல மேடம். ஸ்டேஷன்ல எவனாவது இவ்வளவு சுத்தமாப் பதில் சொன்னாம்னா, அவனைத்தான் நாங்க வீட்டுக்கு விட மாட்டோம்." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார், பின் பெஞ்சுப் பெண் ஒருத்தியும் சிரித்தாள், அவள் என்னை ஆன்ட்டி என்று அழைக்கிறவள், அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்குத் தன்மோகம் என்று போன வாரம் முடிவு செய்திருக்கிறேன். ஜெபசிங் கைதட்டினார். "அடுத்து ரெண்டாம் சுத்து, ஃப்ரெண்ட்ஸ். அதே வார்த்தைகள், அதே வரிசை. முதல் சுத்துல நீங்க என்ன பதில் சொன்னீங்களோ அதையே திருப்பிச் சொல்லணும். எது மறந்துபோச்சோ அங்கதான் விஷயம் இருக்கு." விஷயம்! மறதியைக் கொண்டு மனத்தை அளக்கிறார்கள். என் வயதில் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது, அதற்கடியில் எந்த இரகசியமும் இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது. கருப்பு, வெள்ளை. மேசை, நாற்காலி. தண்ணீர், ஹைட்ரஜன். ஏட்டு ஒவ்வொன்றாகச் சரிக்குறி போட்டார். ஊசி என்றார்.

ஊசி. சொன்னேன் ஒன்று, என்ன சொன்னேன்? எதிர்ச்சொல் இல்லை, ஊசிக்கு எதிர்ச்சொல் கிடையாது. கூர்மை என்றா? இல்லை. மருந்து? மருந்து என்று சொல்லியிருக்க மாட்டேன், சொல்லியிருந்தால் நினைவிருக்கும். ஊசி ஊசி என்று அந்தச் சொல்லே நாவில் நின்று சுற்றுகிறது, பின்னால் ஒன்றும் வரவில்லை. வருவதெல்லாம் வெள்ளை, நிறமற்றது, சோதனைக்குழாயின் சுவரில் மெல்லிய ஊசி ஊசியாகப் படியும் படிகம், மெக்னீசியம் சல்ஃபேட், ஏழு மூலக்கூறு நீருடன். உப்புப் பகுப்பாய்வில் பெயர் சொல்லாமல் பெண்களிடம் கொடுத்துக் கண்டுபிடி என்பேன், எத்தனை கை அதைக் கரைத்திருக்கும், கைக்கு எட்டிய உப்பு, மருந்துக்கடையில் பேதியாவதற்குக் கொடுக்கிறார்கள், தோட்டத்துக்கு உரமாகப் போடுகிறார்கள், அதையே சுத்தம் செய்து ஊசியில் ஏற்றினால் பிரசவத்தில் இரத்த அழுத்தம் கூடி வரும் ஜன்னி நிற்கிறது. கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில மருத்துவப் புத்தகத்தில் அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அக்கா சொர்ணம் அந்த ஜன்னியில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. இதனால்தான் நான் வேதியியல் எடுத்தேன் என்று இந்த அறையிலுள்ள எவரிடம் சொன்னாலும் மகிழ்ந்துபோவார்கள். இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே சேர்ந்துவிட்டேன், வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது மதுரையில். தெருமுனையில் பெரிய ஆஸ்பத்திரி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா போய் அழைத்து வந்தாள், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு, டாக்டரும் பாலமும் இல்லாத ஊருக்கு. கால் வீங்கியிருந்தது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வீங்கும் என்றார்கள். தலை வலிக்கிறது என்றாள். கண் பட்டிருக்கும் என்றார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடத்தில், தூணுக்குப் பக்கத்தில், அவளுடைய கை ஒரு பக்கமாக இழுத்தது. அதே கூடம். அந்த வீடு பிறகு எனக்கு வந்தது, இப்போது நான் சாயங்காலம் செய்தித்தாள் படிக்கும் கூடம். பூரணிக்குக் கட்டில் போட வேண்டுமென்றால் அங்கேதான் போட வேண்டும், மற்ற அறையில் காற்று வராது, கட்டிலைத் தூணுக்கு இந்தப் பக்கம் போடுவதா அந்தப் பக்கம் போடுவதா என்று காலையிலேயே, செய்தியைப் படித்த உடனேயே, உட்தலைப்புகளுக்கெல்லாம் முன்பாக, யோசித்தேன். யோசித்ததை மறைத்துக்கொண்டு மூன்றாம் தலைப்புக்குப் போய்விட்டேன். போன வாரம் மருமகன் அஸ்வின் பேசினான். "பிரஷர் கொஞ்சம் கூடுதலா இருக்கு அத்தை, ஒண்ணும் கவலைப்படாதீங்க, டாக்டர் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க." "கொஞ்சம்னா எவ்வளவு?" "கரெக்டா ஞாபகம் இல்ல அத்தை." ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்பதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறவன், மனைவியின் இரத்த அழுத்தம் கொஞ்சம் என்கிறான். முப்பத்தேழு வயதில் முதல் பிள்ளை. இப்போது பாலம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில், கார் என்றால் முக்கால் மணி, இரவில் கார் கிடைத்தால். கிடைக்குமா? அங்கே அவளுக்கு ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவள் இங்கே வருவது என் வெற்றி. இந்த வெற்றியை வைத்துக்கொண்டு நான் அந்தக் கூடத்தில் என்ன செய்வேன்?

"மாட்டிக்கிட்டீங்க மேடம்!" ஏட்டின் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆகிவிட்டது, கைபேசிக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார், எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "எங்கயோ போயிட்டீங்க. மூஞ்சியே மாறிப்போச்சு. சார், இங்க வாங்க, மேடத்துக்கு ஊசியில நிக்குது!" ஜெபசிங் வந்தார், குனிந்தார், தாழ்ந்த, பயிற்சி பெற்ற குரலில் கேட்டார். "சின்ன வயசுல ஊசின்னா பயமா மேடம்? பரவால்ல. ஷேர் பண்ணணும்னா பண்ணலாம். இது சேஃப் ஸ்பேஸ்." இந்தச் சிறுவனிடம் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒன்று, பயம் என்பது சரி. இரண்டு, அது சரியாக இருப்பதற்கும் அவருடைய படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்றில் எறிந்த கல்லும் எப்போதாவது மாங்காயில் படும். "ஒரு நிமிஷம்" என்றேன். "மேடம், கடிகாரம் ஓடுது," என்றார் ஏட்டு. "ஓடட்டும்."

கண்ணாடியை மாற்றிக்கொண்டு கைபேசியை எடுத்தேன். வர வேண்டாம், அங்கேயே பதிந்துகொள் என்று தட்டினேன்; முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அதைப் படித்தேன். இரண்டு ஆண்டுகளாக நான் அவளுக்கு எழுத விரும்பிய செய்தி அது. இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நன்றாக, உட்தலைப்பே இல்லாமல். படித்துவிட்டாள். அவள் எதையோ தட்டுகிறாள் என்று திரை காட்டியது, நின்றுவிட்டது, மறுபடி காட்டியது, நின்றுவிட்டது. பெங்களூரில் ஒரு பெண், கனத்த வயிற்றோடு, கொஞ்சம் கூடுதல் என்ற அளவில் இருக்கும் இரத்த அழுத்தத்தோடு, சரக்கு இல்லை என்று எழுதியிருக்கும் கடை வாசலில் நிற்கிறாள். அழுத்தம் ஏறும். விரல் தடித்துப் போனது, ஓர் எழுத்துக்குப் பக்கத்து எழுத்து விழுந்தது, அழித்தேன், மறுபடி விழுந்தது. நான் அங்கே வருகிறேன். அனுப்பினேன். அவள் வீட்டுக்கு, அவள் சட்டம் நடக்கும் வீட்டுக்கு, எனக்கு எந்த அறை, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, எந்தப் பேச்சுக்கு என்ன நோய் என்பதை அவளே தீர்மானிக்கும் வீட்டுக்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடாமலே. இந்த முறை மறுமொழி உடனே வந்தது. நீயா? இங்க வந்து என்னம்மா பண்ணுவ?

நியாயமான கேள்வி. சமையலுக்கு ஆள் இருக்கிறாள். துணி துவைக்க இயந்திரம் இருக்கிறது. குளிப்பாட்டவும் பயிற்சி பெற்ற பெண் வருவாளாம், அஸ்வின் ஏற்பாடு செய்துவிட்டான். எழுதக்கூடிய விடைகள் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் நன்றாக உடுத்திக்கொண்டு: உனக்குத் துணையாக இருப்பேன், பேரக்குழந்தையைப் பார்ப்பேன், ஒரு தாயின் கடமை. ஒவ்வொன்றும் முன் பெஞ்சுப் பெண் எட்டிப் பார்த்து எழுதிய விடை. "மேடம், ஊசி," என்றார் ஏட்டு, பொறுமை இழந்து, "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிட்டுப் போயிடுதேன்." பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று தட்டினேன். அனுப்பும் பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது. எவ்வளவு நேரம் என்று அளக்கக்கூடிய மனிதர் எதிரேதான் இருந்தார், ஆனால் அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பினேன். திரையில் ஒன்றும் அசையவில்லை. வகுப்பில் யாரோ நாய் என்றார்கள், யாரோ பூனை என்றார்கள். ஜெபசிங் இன்னும் பக்கத்தில் நின்று, கனிவான முகத்தைக் கலைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இவ்வளவு நேரம் வைத்திருந்தால் கன்னம் வலிக்கும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவளுக்குத் தலை வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும், கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும், அது கருத்துரை ஆகுமா, வரையறைப்படி அது வினா, வினா கருத்துரையில் அடங்காது, அடங்குமோ? கைபேசி அதிர்ந்தது. அழைப்பு இல்லை, எழுத்துதான். சரி. இங்கயே பதியச் சொல்றேன். வாம்மா. கமெண்ட் பண்ணாம பயப்படு. அடியில் ஒரு படம், சிரிக்கிற முகமா அழுகிற முகமா என்று இந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. பயப்படுவதையும் கருத்துரைக்காமல் இருப்பதையும் ஒரே நேரத்தில் செய்வது எவராலும் இயலாது, ஏனென்றால் என்று தட்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, சரி என்று மட்டும் அனுப்பினேன்.